அரிதட்டில் மிஞ்சியது: மட்டக்களப்பு நகரும் அதன் இரு கரைகளும்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையில் என் மாமாவுக்கு ஒரு வெற்றிலைத் தோட்டம் இருக்கிறது. கிடுகு வேலிக்குள், கால் ஏக்கருக்குச் சற்று கூடிய நிலம். முழுவதும் மணல், ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே காணாமல் போய்விடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாதியில், உள்ளூராட்சி சபையொன்றின் கூட்டெரு நிலையத்தில் 50 கிலோ மூடைகள் மூன்றை வாங்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அவருடைய படலையில் இறக்கினேன். நகரத்துக் குப்பை ஊருக்கு உரமாகிறது என்று அன்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மாமா பெருமைப்படவில்லை. வீடு கட்டியபோது மணல் அரித்த கம்பி அரிதட்டை எடுத்து வந்து, கிணற்றடியில் சாய்த்து வைத்து, ஒரு மூடையை அவிழ்த்துக் கொட்டினார். முக்கால் மணி நேரம் அரித்தோம். அரிதட்டில் மிஞ்சியவற்றை ஒரு பலகையில் வரிசையாக வைத்தார்: ஷாம்புப் பைக்கற்றுகள், போத்தல் மூடிகள், கண்ணாடிச் சில்லுகள், துருப்பிடித்த சவர அலகு ஒன்று, கசிந்த பற்றரி இரண்டு, விரல்கள் குறையாத ஒரு பொம்மைக் கை. எல்லாவற்றையும் சாக்கில் போட்டுத் தராசில் தொங்கவிட்டபோது 9 கிலோ காட்டியது.

“மருமகன், வெற்றிலை ஆய்கிறவர்கள் வெறுங்காலோடு நிற்கிற தோட்டம் இது. சவர அலகை எந்தக் கொடி தின்னும்?” என்றார். மற்ற இரண்டு மூடைகளும் அவிழ்க்கப்படாமல் வேலியோரம் கிடந்தன. அடுத்த மாரி மழையில் சாக்கு உக்கி, உள்ளே இருந்தது வேலிக்கு உரமாயிற்று.

பசுமைப் பொருளாதாரம் என்ற சொல் நம் மாவட்டத்துக்கு வந்து ஒரு காலமாகிறது. மண்டபங்களில் பதாகையாகத் தொங்குகிறது. திட்ட முன்மொழிவுகளில் முதல் பந்தியில் வருகிறது. நான் பார்த்தவரையில் அது மட்டக்களப்பில் தடுக்கி விழும் இடம் அந்த அரிதட்டுத்தான். இந்த ஆய்வு அதைச் சுற்றியே நடக்கிறது.

ஒரு வாவி, இரண்டு கணக்குப் புத்தகம்

ஊருக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: மட்டக்களப்பு வாவி வடக்கு தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பழைய நகரமான புளியந்தீவு அதற்குள் கிடக்கும் ஒரு தீவு. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரை எழுவான்கரை. சனநெருக்கமும் கடைத்தெருவும் கந்தோரும் அங்கே. வாவிக்கு மேற்கே படுவான்கரை. வயல், குளம், மாட்டுப்பட்டி, காடு. சூரியன் எழும் கரை, படும் கரை என்று எங்கள் முன்னோர் வைத்த பெயர்கள் இன்றைக்கும் மாவட்டத்தின் பொருளாதார வரைபடமாகவே இருக்கின்றன.

படுவான்கரையிலிருந்து நெல், பால், தயிர், விறகு, ஆற்றுமணல் எல்லாம் கிழக்கே வருகின்றன. குடிதண்ணீரும் அப்படித்தான்: உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியாக நகரத்துக் குசினிகளில் திறக்கிறது. கோடையில் படுவான்கரைக் கிராமங்கள் பல தண்ணீர்ப் பவுசருக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கின்றன. திரும்பிப் போகும் லொறிகளில் சீமெந்து, யூரியா, சவர்க்காரம், பிஸ்கட். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பயணம் சுகமாயிற்று. அதற்கு முன் ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்காகக் கரையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பாலம் வந்ததால் மட்டும் நெல் அரிசியாகி வெளியேறத் தொடங்கிவிடவில்லை. கணிசமான பங்கு மூடையாகவே பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய், அழகான பையில் அரிசியாகத் திரும்பி வந்து, விளைத்தவருக்கே விற்கப்படுகிறது. தவிடும் உமியும் அங்கேயே நின்றுவிடுகின்றன.

மாவட்டத்தில் உள்ளூராட்சி சபைகள் 12: ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தனி உழவு இயந்திரம், தனித் தனிக் குப்பைக்காணிப் பிரச்சினை. விவசாயமோ இவை எதற்கும் பொறுப்பில்லாத வேறு திணைக்களங்களின் கையில். நகரம் எதை எறிகிறது என்பது ஒரு புத்தகத்தில் எழுதப்படுகிறது; வயலுக்கு எது தேவை என்பது இன்னொன்றில். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைப்பது யாருடைய கடமை என்று கேட்டால் எல்லோரும் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் கையைக் காட்டுவார்கள்.

குப்பை போன வழி

நகரத்துக் குப்பை நெடுங்காலம் திருப்பெருந்துறையில் கொட்டப்பட்டது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 பேர் இறந்த பிறகு, இலங்கையில் குப்பை மேடுகளுக்கு அருகே வசிக்கும் எவரும் பழையபடி உறங்கவில்லை. திருப்பெருந்துறை மேடும் தீப்பற்றிப் புகைந்தது, அயலவர்கள் எதிர்த்தார்கள், குப்பை ஏறாவூர்ப்பற்றிலுள்ள கொடுவாமடுவுக்குத் திருப்பிவிடப்பட்டது. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு முறைப்படி அமைக்கப்பட்ட நிரப்பிடம்.

முறையான நிரப்பிடம் வேண்டியதுதான். ஆனால் அது எதற்காக? மறுபடி எதற்கும் உதவாத எச்சத்தைப் புதைக்க. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது: மீன் செதில், பலாச் சக்கை, தேங்காய்ப்பூ, பழஞ்சோறு, வாழையிலை. பெரும்பகுதி ஈரம். அதை டீசல் எரித்து மாவட்டத்தின் குறுக்கே கொண்டுபோய்க் காற்றுப் புகாமல் புதைத்தால் மெதேன் எழும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமிலவாயுவைப் போல 25 மடங்குக்கு மேல் சூடேற்றும் வாயு அது. பெருஞ்செலவில் கட்டிய குழியும் நேரத்துக்கு முன்பே நிறைந்துவிடும்.

அம்பாறைப் பக்கம் இதே கதைக்கு வேறு முகம். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் மேய்கின்றன. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் விழுங்கிச் செத்தன என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தபோது உலகமே ஒருநாள் அம்பாறையைத் திரும்பிப் பார்த்தது. யானை பொலித்தீனைத் தேடி வரவில்லை. அதற்குள் முடிச்சுப் போட்டு எறிந்த சோற்றைத் தேடி வந்தது. சோறும் பொலித்தீனும் குசினியிலேயே பிரிந்திருந்தால் யானைக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017 செப்டெம்பரில் சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள் தடைசெய்யப்பட்டது. 2021 மார்ச் 31 முதல் 20 மில்லிலீற்றர் வரையான சிறு பைக்கற்றுகளுக்கு, உணவும் மருந்தும் நீங்கலாக, தடை வந்தது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, தட்டு வகைகள் தடைப்பட்டியலில் சேர்ந்தன. மாமாவின் பலகையில் வரிசையாகக் கிடந்த ஷாம்புப் பைக்கற்றுகளை நான் அந்த இரண்டாவது தேதியோடு சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மூடை வாங்கிய அதே கூட்டெரு நிலையத்துக்கு மறுவாரமே போனேன், சண்டைக்கு அல்ல, அறிந்துகொள்ள. தகரக் கூரையின் கீழ் நான்கு பெண்கள் குந்தியிருந்து குப்பையைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார்கள். இருவரிடம் மட்டும் கையுறை. மூத்தவரிடம், “அக்கா, கண்ணாடியைக் கொஞ்சம் கவனித்து எடுக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அவருடைய விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன். “தம்பி, வீட்டுக்காரர் பிரித்தால் ஒரு நிமிட வேலை. எல்லாம் ஒரே சாக்கில் குழைந்து வந்த பிறகு நாள் முழுவதும் இருந்தாலும் தீராது” என்றார். கூட்டெரு பற்றி நான் வாசித்த எந்த அறிக்கையும் விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

2021: தேவை வந்த நாளில்

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவித்தலில் நிறுத்தப்பட்டது. நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறுகிறது என்றார்கள். சிறுபோகம் எப்படியோ கழிந்தது. கையில் மிச்சப் பசளை இருந்தவர்கள் தப்பினார்கள். பெரும்போகத்துக்கு விதைத்தவர்கள்தான் அகப்பட்டார்கள். நவம்பரில் தடை தளர்ந்தபோது பயிர் மஞ்சளடித்து நின்றது. பசளையின் விலையோ எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. அந்தப் போக விளைச்சல் நாடெங்கும் சரிந்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் நெல்லை நம்பிய மாவட்டங்கள். அடி இங்கே சற்று ஆழமாகவே இறங்கியது.

ஏன் தோற்றது என்பதற்கு அரசியல் விளக்கங்கள் ஏராளம். ஒரு மூடை யூரியா போதும், கணக்கு விளங்கிவிடும். 50 கிலோ யூரியாவில் 46 வீதம் நைதரசன். அதாவது 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று முதல் ஒன்றரை வீதம். அந்த 23 கிலோவைக் கூட்டெருவால் கொடுக்க ஒன்றரைத் தொன் முதல் இரண்டேகால் தொன் வரை வேண்டும். அதுவும் உடனே கிடைக்காது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துக் கொடுக்கும்வரை பயிர் காத்திருக்க வேண்டும். ஒரு சபை நாளொன்றுக்கு 10 தொன் உக்கும் குப்பையைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உக்கி முடிந்தால் ஏறத்தாழ 3 தொன் மிஞ்சும். ஆண்டு முழுவதும் சேர்த்தால் 1,000 தொன் சொச்சம். அது சில நூறு ஏக்கர் வயலில் ஒரு மூடை யூரியாவின் இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். மாவட்டத்தின் வயலுக்கு நகரத்துக் குப்பை ஒருநாளும் போதாது.

அந்த ஆண்டிலேயே சேதனப் பசளை என்று சொல்லிச் சீனாவிலிருந்து 20,000 தொன் ஏற்றிய கப்பல் வந்தது. தீங்கான பற்றீரியா இருப்பதாகச் சொல்லி இறக்க விடவில்லை. கடைசியில் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கொடுத்துக் கணக்குத் தீர்த்தார்கள். டொலருக்கு நாடு தவித்துக்கொண்டிருந்த வேளை அது. நம் குப்பைமேடுகள் புகைந்துகொண்டே இருந்தன. நான் அடிக்கடி வெளிநாட்டுக் கதைகளைப் பரிகசிப்பவன் அல்லன். இதை மட்டும் யாரிடம் சொன்னாலும் சிரித்துவிடுகிறார்கள்.

இதிலிருந்து ‘கூட்டெருவால் பயனில்லை’ என்ற முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு. நான் வருவது வேறு முடிவுக்கு: நகரத்துக் கூட்டெரு போகவேண்டிய இடம் வயல் அல்ல, மணல். கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு அப்பாலும் நீளும் எழுவான்கரை மணலில் வெற்றிலை, மிளகாய், வெங்காயம், கீரை, கத்தரி எல்லாம் கால் ஏக்கர், அரை ஏக்கர்த் துண்டுகளில் விளைகின்றன. மணல் எதையும் பிடித்து வைக்காது. இடும் யூரியாவில் ஒரு பங்கு கரைந்து கீழிறங்கி, அதே வீட்டின் கிணற்றில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. கூட்டெரு அங்கே பசளை மட்டுமல்ல. தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் கடற்பஞ்சு. அளவும் ஒத்துவருகிறது, தூரமும் ஒத்துவருகிறது. மாமா இப்போது படுவான்கரையிலிருந்து லொறியில் வரும் மாட்டெருவைக் காசு கொடுத்து வாங்குகிறார். கிளிசரியாத் தழையை வெட்டிப் போடுகிறார். அதாவது சந்தை இருக்கிறது. சரக்குத்தான் அரிதட்டைத் தாண்டவில்லை.

வைக்கோல்

வயலுக்கு என்ன வழி? வயலின் சொத்தில் பாதி வயலிலேயே எரிகிறது. பங்குனியில் மாலை வேளையில் மண்டூரிலிருந்தோ வவுணதீவிலிருந்தோ திரும்பினால் வீதியின் இருபுறமும் வைக்கோல் புகை கண்ணைக் கரிக்கும். சூட்டுக்களத்தில் மாடு கட்டி மிதித்த காலத்தில் வைக்கோல் களவெட்டியில் ஒரே குவியலாக மிஞ்சும். மாட்டுக்கும் கூரைக்கும் போகும். அறுவடை இயந்திரம் அதை வயல் முழுவதும் வரிசை வரிசையாக உமிழ்ந்துவிட்டுப் போகிறது. அள்ளக் கூலி கட்டாது, அடுத்த போகம் அவசரப்படுத்தும், தீக்குச்சிதான் மலிவு. வயற்சொந்தக்காரரான போடியார்மாரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

எரிவது என்ன? நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் தங்குகிறது. நைதரசனில் ஐந்தில் இரண்டு பங்கு. ஓர் ஏக்கரில் 1,500 கிலோ நெல் விளைந்தால் வைக்கோலும் கிட்டத்தட்ட அதே எடை. அதற்குள் ஏறத்தாழ 20 கிலோ பொட்டாசியம் இருக்கும். கடையில் வாங்கும் 50 கிலோ பொட்டாஷ் மூடையில் பெரும்பகுதிக்குச் சமம். எரித்தால் நைதரசன் புகையோடு போய்விடும். பொட்டாசியம் சாம்பலில் நிற்கும். ஆனால் ஒரே இடத்தில் குவிந்து, முதல் மழைக்கே கரைந்து வாய்க்காலில் இறங்கிவிடும்.

வைக்கோலுக்கு இந்த மாவட்டத்தில் ஒருகாலத்தில் விலை இருந்தது. 1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் மூலப்பொருளே வைக்கோல்தான். இலங்கைப் பிள்ளைகள் எழுதிய கொப்பிகளில் ஒரு பங்கு கிழக்கு வயல்களின் வைக்கோலிலிருந்து பிறந்தது. பசுமைப் பொருளாதாரம் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே நகரத்துக்கு ஒரு தொழிற்சாலையும் வயலுக்கு ஓர் உபவருமானமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. பிறகு 1977இன் திறந்த இறக்குமதி வந்தது, யுத்தம் வந்தது, இயந்திரங்கள் முதுமையடைந்தன. பல தடவை மூடித் திறந்து, அண்மைக் காலத்தில் கழிவுத் தாளை மறுசுழற்சி செய்யும் ஆலையாகச் சிறிய அளவில் மூச்சு விட்டது.

அந்த ஆலையைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊரில் குரல் தழுதழுத்துவிடும், நானும் விதிவிலக்கல்லன். ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வைக்கோலில் சிலிக்கா அதிகம். கூழ் காய்ச்சிய எரிசோடாவை மீட்டெடுப்பதை அது கடினமாக்கும். அந்தக் கறுப்புக் கழிவுநீரை எங்கே விடுவது என்பது வைக்கோல் ஆலைகளுக்கெல்லாம் பொதுவான தலைவலி. பழைய ஆலையை அப்படியே திரும்பக் கேட்பது வாவிக்கு நல்லதல்ல. திரும்பக் கேட்க வேண்டியது அதன் கொள்வனவுப் பழக்கத்தை: வயலில் வந்து, வைக்கோலுக்குக் காசு கொடுத்து, ஏற்றிக்கொண்டு போன பழக்கம்.

இரண்டும் சந்திக்கும் இடம்

கூட்டெருக் குவியல் நன்றாக வேக, கரிமமும் நைதரசனும் ஏறத்தாழ 25க்கு அல்லது 30க்கு ஒன்று என்ற கணக்கில் இருக்க வேண்டும். மீன் கழிவிலும் கீரைத் தண்டிலும் நைதரசனும் ஈரமும் கூடுதல். தனியே குவித்தால் களியாகி நாறும். வைக்கோலில் கரிமம் கூடுதல். தனியே குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒன்றுக்கு இல்லாதது மற்றதில் இருக்கிறது. சேர்த்து அடுக்கி, காற்றுப்பட வாரம் ஒருமுறை புரட்டினால் உள்ளே 55 முதல் 65 பாகை வரை சூடேறும். களை விதையும் கிருமியும் வெந்துபோகும். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து மண்வாசம் வீசும். படுவான்கரை வைக்கோல் இல்லாமல் எழுவான்கரைக் குப்பை உருப்படியாக உக்காது. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய விஷயம் இதுதான். இதை எனக்குச் சொன்னது புத்தகம் அல்ல, அந்த நிலையத்தின் நாற்றம்.

நாட்காட்டியும் ஒத்துவருகிறது. பெரும்போக வைக்கோல் மாசி, பங்குனியில் வருகிறது. சித்திரை முதல் ஆவணி வரை மட்டக்களப்பில் வெயில். குவியல் வேகும் காலம். புரட்டாதியில் தோட்டக்காரர் மண்ணைப் புரட்டும்போது சரக்குத் தயார். ஐப்பசிக்குப் பின் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது திறந்த வெளியில் கூட்டெரு செய்வது தண்ணீரில் கோலம் போடுவது மாதிரி; கூரை வேண்டும், அல்லது அந்த மாதங்களில் ஓய்வு வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜனவரியில் திறப்புவிழா நடத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு.

தொடக்கத்தில் எல்லா வீட்டையும் துரத்தக்கூடாது என்பது என் எண்ணம். பொதுச்சந்தை மரக்கறிப் பகுதி, மீன் சந்தை, சாப்பாட்டுக் கடைகள், கல்யாண மண்டபங்கள், திருவிழாக்கால அன்னதான மடங்கள்: இங்கே உக்கும் கழிவு ஏற்கெனவே கிட்டத்தட்டத் தனியாகவே சேர்கிறது. விடியற்காலையில் இவற்றுக்கு மட்டும் ஒரு தனி வண்டி போனால் போதும். அந்தக் குவியலில் சவர அலகு வராது. தோட்டக்காரரின் நம்பிக்கை திரும்பிய பிறகு வீடுகளுக்குப் போகலாம். முதல் மூடையிலேயே நம்பிக்கையை உடைத்துவிட்டு மானியம் கொடுத்து ஒட்டவைக்கப் பார்ப்பதுதான் இதுவரை நடந்த வேலை.

உமியைப் பற்றி இரண்டு வரி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆலைகளில் நெல் அவிக்கும் அடுப்புக்கு அதுவே எரிபொருள். அங்கே சுழற்சி தானாகவே நடக்கிறது. யாரும் கருத்தரங்கு வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆலைக்காரருக்கு அது காசு என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆறு

வாவி என்பது எழுத்தில். ஊரவர் வாயில் அது ‘ஆறு’. இரு கரைக் கணக்கின் மிச்சமெல்லாம் கடைசியில் ஆற்றில்தான் வந்து விழுகிறது. மாரியில் நன்னீர் பெருகும்போது வயற்பசளையும் நகரத்து வடிகாலும் ஊட்டி வளர்த்த ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) கரையெல்லாம் படர்கிறது. தோணி தள்ள இடமில்லை, வீச்சுவலை வீச இடமில்லை. கோடையில் உப்பு ஏறியதும் அழுகி அடியில் இறங்கி, தண்ணீரின் பிராணவாயுவைக் குடித்துவிடுகிறது. இயந்திரம் வைத்து அள்ளிக் கரையில் போடுகிறார்கள். கரையில் உக்கியதன் சாறு மறுபடி ஆற்றுக்கே. அள்ளியதை வைக்கோலோடு குவியலில் சேர்த்தால் அதுவும் சரக்கு.

யுத்தகாலத்தில் பாதுகாப்பு என்று சொல்லி வெட்டப்பட்ட கண்டல் மரங்கள் இன்னும் பல இடங்களில் திரும்பவில்லை. நடுகை விழாக்களுக்குக் குறைவில்லை. ஆனால் கண்டல் உப்பும் சேறும் அலையும் ஒத்துவந்த இடத்தில்தான் பிடிக்கும். படம் எடுக்க வசதியான இடத்தில் நட்ட கன்று அடுத்த வெள்ளத்தில் போய்விடும். இறாலும் நண்டும் குஞ்சாக ஒளிந்து வளர்வது அந்த வேர்களுக்கிடையில் என்பதால், மீனவருக்கு இது சூழல் பற்றிய பேச்சல்ல, சட்டிக்கறி பற்றிய பேச்சு.

கரையோரத்தில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் என்பதற்கு அம்பாறையில் ஒலுவில் இருக்கிறது. 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்பு, வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தது. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது. தென்னைகள் வேரோடு சரிந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவரின் வளர்ச்சிக் கணக்கில் வரவாக எழுதப்பட்டது அயலவரின் காணியில் செலவாக எழுதப்பட்டது.

கூரைகளும் விடுதிகளும்

இவற்றை விரைவாகக் கடக்கிறேன். இவற்றைப் பற்றி எழுத ஆட்கள் பலர் இருக்கிறார்கள். 2016இல் தொடங்கிய கூரைச் சூரியமின் திட்டம் காசுள்ள வீடுகளுக்கு நல்லது செய்தது. இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. வவுணதீவில் 10 மெகாவாட் சூரியமின் நிலையம் இருக்கிறது. மின்சாரம் தேவைதான், ஆனால் பலகைகளைப் பொருத்தி முடித்த பிறகு அங்கே வேலை செய்ய அதிகம் பேர் வேண்டியதில்லை. பாசிக்குடா விடுதிகள் யுத்தத்துக்குப் பின் வரிசையாக எழுந்தன. அவற்றின் சமையலறைக்குத் தம்புள்ளையிலிருந்து மரக்கறி வருகிறதா, வாழைச்சேனைத் தோட்டத்திலிருந்து வருகிறதா என்பதில்தான் பசுமையின் பாதி இருக்கிறது. படுவான்கரைப் பட்டித் தயிர் காலை உணவு மேசையில் மண்சட்டியோடு வைக்கப்படும் விடுதியை நான் பாராட்டுவேன். அந்தப் பட்டிகள் மேயவும் நிலம் வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய பண்ணையாளர் போராட்டத்தை மறந்துவிட்டுப் பாலையும் மாட்டெருவையும் பற்றிப் பேசுவது கறவையை விட்டுவிட்டுச் செம்பைத் தேடுவதாகும்.

ஆரம்பக் கூட்டம்

ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் நடக்கும். எந்தத் தேதியில் விதைப்பது, எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது எல்லாம் அங்கே முடிவாகும். நீர்ப்பாசன அதிகாரி, கமநலசேவை அதிகாரி, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டை விதானைமார், விவசாய அமைப்புகள், வங்கி, காப்புறுதி என்று எல்லாரும் வருவார்கள். சபைகளிலிருந்து குப்பைக்குப் பொறுப்பானவர் ஒருவர் வந்து உட்கார்ந்து, “உங்கள் வைக்கோலில் இத்தனை உழவு இயந்திரப் பெட்டி எனக்கு வேண்டும், இன்ன விலை, இன்ன வாரம் வருவேன்” என்று சொன்னதை நான் போன எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. புதிய சட்டம் தேவையில்லை, வெளிநாட்டு நிதி தேவையில்லை. ஒரு கதிரை கூடுதலாகப் போட்டால் போதும்.

விலைக்கும் தரத்துக்கும் மாமாவிடம் ஒரு நிபந்தனை இருக்கிறது. சென்ற ஆண்டு வெற்றிலை அடுக்கிக்கொண்டே சொன்னார்: முதல் மூடை இலவசமாகக் கொண்டுவர வேண்டும். அவருடைய கிணற்றடியில், அவருடைய அரிதட்டில், கொண்டுவந்தவரே அரிக்க வேண்டும். மிஞ்சுவது ஒரு கைப்பிடிக்குள் அடங்கினால் ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறைய எடுப்பார், கைமேல் காசு. பக்கத்து வேலிக்காரர்களுக்கும் அவரே சொல்லுவார். அடங்காவிட்டால் மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டுபோய்விட வேண்டும்.

இதை அந்த நிலையத்துக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போய் அப்படியே ஒப்புவித்தேன். சிரிக்கவில்லை, நாட்குறிப்பைத் திறந்து, “அரிதட்டு எத்தனை கண்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று பின்னேரமே களுதாவளைக்குத் தொலைபேசி எடுத்தேன். மாமா அளந்துவிட்டுச் சொன்னார்: “கால் அங்குலம்.”